கேட்டுவிட்டு எடுங்கள்: கேமரா கண்ணாடி அணிவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கோயம்பேட்டில் விடியற்காலையில் காய்கறி லாரிகள் வந்து நிற்பதைக் காட்டுகிறீர்கள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பைக்கை ஓட்டியபடியே, எதிரே விரியும் பள்ளத்தாக்கை எங்கள் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவருகிறீர்கள். முன்பெல்லாம் ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சமாளித்தீர்கள். இப்போது இரண்டு கையும் உங்களுக்கே. கேமரா மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பார்ப்பதையே நாங்களும் பார்க்கிறோம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவது எங்கள் முகத்துக்கு நேரே வந்து விழுவதுபோல் இருக்கிறது. அதையெல்லாம் விரும்பிப் பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் தொழிலைப் பிடிக்காத ஒருவரின் புகாராக இந்த மடலை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கண்ணாடி தயாரிக்கும் கம்பெனிக்கு எழுதியிருக்கலாம். அரசாங்கத்துக்கும் எழுதியிருக்கலாம். கம்பெனி விற்பனைக் கணக்கைப் பார்க்கும். அரசாங்கம் சட்டம் எழுதி, விதி எழுதி, அது நடைமுறைக்கு வருவதற்குள் இன்னும் நான்கு புது மாடல் வந்துவிடும். நீங்கள் மனது வைத்தால் நாளைக் காலையிலேயே மாற்றிவிடக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் ரேபான் பிராண்டின் சொந்தக்காரரான எஸ்ஸிலோர்லக்ஸாட்டிகாவும் சேர்ந்து செய்யும் கண்ணாடி 2025 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அப்போது ஆரம்ப விலை 29,900 ரூபாய். 2023 அக்டோபர் முதல் 2025 தொடக்கம் வரை உலகம் முழுக்க 20 லட்சம் கண்ணாடிகள் விற்றுவிட்டதாக எஸ்ஸிலோர்லக்ஸாட்டிகா அறிவித்தது. 2026 முடிவதற்குள் ஆண்டுக்கு ஒரு கோடி தயாரிக்கும் அளவுக்கு ஆலைகளைப் பெருக்கப்போவதாகவும் சொன்னது. 2025 ஆகஸ்டில் ரிலையன்ஸ் தன் பங்குக்கு ஜியோ ஃபிரேம்ஸ் என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. பேர் தெரியாத மலிவுக் கண்ணாடிகள் ஆன்லைனில் இதைவிட எவ்வளவோ குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இன்று யாரோ ஒருவர் மாட்டியிருக்கிறார் என்ற நிலை மாறி, பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவர் மாட்டியிருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நிலை வர அதிக காலம் ஆகாது.

கண்ணாடி உங்களுக்குத் தெரியும். எங்களைப்போல் எதிரே நிற்பவர்களுக்குத் தெரியாது. சுமார் ஐம்பது கிராம் எடை. பார்த்தால் சாதாரண கறுப்பு ஃபிரேம் கூலிங் கிளாஸ்தான். ஒரு மூலையில் 12 மெகாபிக்சல் கேமரா, மறு மூலையில் ஒரு சிறு வெள்ளை விளக்கு. காதுப்பக்கம் இருக்கும் பொத்தானை ஒருமுறை தட்டினால் ஃபோட்டோ, அழுத்திப் பிடித்தால் வீடியோ. படம் பதிவாகும்போது அந்த விளக்கு எரியும். எதிரே இருப்பவருக்கு அறிவிப்பு அவ்வளவுதான்.

சித்திரை மாதத்து மதிய வெயிலில் ரங்கநாதன் தெருவில் நின்று அந்த விளக்கைக் கண்டுபிடித்துப் பாருங்கள். கண்டுபிடித்தாலும், அது எரிந்தால் படம் பதிவாகிறது என்று கீரை விற்கும் பாட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2021-ல் இந்தக் கண்ணாடியின் முதல் மாடல் வந்தபோதே, இவ்வளவு சின்ன விளக்கு போதுமா என்று அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தரவுப் பாதுகாப்பு ஆணையங்கள் கேள்வி எழுப்பின. அடுத்த மாடலில் விளக்கைப் பெரிதாக்கினார்கள். விளக்கை மூடினால் படம் எடுக்க முடியாதபடியும் செய்தார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தாகிவிட்டது. அந்த விளக்கை எரியாமல் செய்துகொடுக்க ஒருவர் 60 டாலர் வாங்குவதை 2025 அக்டோபரில் 404 மீடியா என்ற அமெரிக்கச் செய்தித்தளம் வெளியிட்டது.

விளக்கைச் செயலிழக்கச் செய்தவர் உங்களில் யாராவது இருந்தால், அவருக்கு என்னிடம் வேறு பேச்சு இல்லை. எதிரே இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்று காசு செலவழித்து ஏற்பாடு செய்துகொண்டவர் படம் எடுக்கவில்லை, திருடுகிறார். மற்றவர்களோடு பேசத்தான் இந்த மடல். உங்களில் பெரும்பாலோர் நல்லவர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

செல்போனில் படம் எடுத்த காலத்தில் ஒரு வழக்கம் தானாகவே இருந்தது. நீங்கள் கையைத் தூக்குவீர்கள். அந்தக் கை உயர்ந்ததும் காசிமேட்டு மீன்காரம்மா, "இன்னாப்பா, என்ன ஏன் புடிக்கிற?" என்று கேட்பார். கல்யாணப் பந்தியில் பெரியம்மா மாராப்பைச் சரிசெய்துகொள்வார். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் பீடியை மறைப்பார், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிலர் சிரித்து நிமிர்ந்து உட்காருவார்கள். யாரும் வாய்விட்டு அனுமதி கேட்கவில்லை, கொடுக்கவுமில்லை. ஆனாலும் கை உயர்வதற்கும் படம் விழுவதற்கும் நடுவே இருந்த அந்த இரண்டு மூன்று விநாடியில், எதிரே இருப்பவருக்கு ஒரு முடிவு எடுக்க இடம் இருந்தது. இருக்கலாமா, போகலாமா, கத்தலாமா என்று. தென்கொரியாவிலும் ஜப்பானிலும் விற்கும் செல்போன்களில் படம் எடுத்தால் "க்ளிக்" சத்தம் வந்தே தீரும், அதை அணைக்க முடியாது என்ற ஏற்பாட்டைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்தார்கள். அந்த இரண்டு மூன்று விநாடியைக் காப்பாற்றத்தான். உங்கள் கண்ணாடி பறித்திருப்பது அதைத்தான். படத்தின் தரமோ, நீங்கள் அதை எங்கே போடுகிறீர்கள் என்பதோ எனக்கு இரண்டாவது கவலை.

மயிலாப்பூரில் பார்த்ததைச் சொல்கிறேன். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதியில் ஒரு பூக்கடை. கடை என்றால் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் ஈரச் சாக்கு, சாக்கின் மேல் மல்லி, முல்லை, கொஞ்சம் மரு. எனக்கு முன்னால் ஒரு இளைஞர் நின்றிருந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். தடித்த கறுப்புக் கண்ணாடி. இரண்டு முழம் மல்லி கேட்டுவிட்டு, பூக்காரம்மா முழங்கையில் அளந்துகொண்டிருக்கும்போதே பேச்சுக் கொடுத்தார். எத்தனை வருஷமா இங்க கடை போடறீங்க அக்கா, வீட்ல யார் யார் இருக்காங்க என்று. அன்பாகத்தான் கேட்டார். அவரும் சொன்னார். வீட்டுக்காரர் இல்லாதது, ஒரே மகளைக் காலேஜ் படிக்கவைத்தது, அதற்கு வாங்கிய வட்டிக் கடன், கடன்காரன் வாசலில் வந்து நின்று பேசிய பேச்சு. பூ வாங்க வந்த ஒரு பிள்ளை பிரியமாகக் கேட்கிறதே என்று சொன்ன வார்த்தைகள் அவை. அப்போது அவருடைய கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி எரிவதைப் பார்த்தேன்.

"தம்பி, ரெக்கார்டு ஆகுதா?" என்று கேட்டேன்.

"ஆமா ஆன்ட்டி. நல்ல விஷயத்துக்குத்தான். போட்டா அக்காவுக்கு வியாபாரம் வரும்."

பூக்காரம்மாவுக்குப் புரியவில்லை. "எதுல ரெக்கார்டு?" என்றார். அந்தத் தம்பி கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். அவர் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பேசி முடித்தபிறகு வாயைப் பொத்தி என்ன பயன்? "எம்பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துக்கினு இருக்கேன்பா. கடங்காரன் வாசல்ல நின்னத அவங்க பாத்தாங்கன்னா என்னாவறது?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பயம்தான் இருந்தது.

அந்தத் தம்பி அங்கேயே, எங்கள் கண் முன்னாலேயே, செல்போனைத் திறந்து அதை அழித்தார். மன்னிப்பும் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லிப் புரியவைக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே அவரைப் பார்த்துத்தான். ஆனால் அன்றைக்கு நான் பின்னால் நின்றிருக்காவிட்டால் அந்த அம்மாவின் கடன் கதை சோகமான பின்னணி இசையோடு எத்தனை லட்சம் பேரிடம் போயிருக்கும்? அவருக்கு அது எப்போது தெரிந்திருக்கும்? பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வராமல் போன பிறகா?

"பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. தெருவில் நடக்கிற என்னை நூறு பேர் பார்க்கிறார்கள், உண்மை. அந்த நூறு பேரும் அடுத்த திருப்பத்தில் என்னை மறந்துவிடுகிறார்கள். அந்த மறதியை நம்பித்தான் நாங்கள் தெருவில் இறங்குகிறோம். பஸ் ஸ்டாண்டில் அழுகிறோம், சாப்பாட்டுக் கடையில் சண்டை போடுகிறோம், ஆஸ்பத்திரி வாசலில் கையில் ஸ்கேன் கவரோடு உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் பரவாயில்லை. முடிந்தால் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். பதிவுக்கு அந்த மறதி கிடையாது. இன்று எடுத்ததைப் பத்து வருடம் கழித்தும் யாரோ ஒருவர் நிறுத்தி, பெரிதாக்கி, மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

நம் நீதிமன்றங்களும் இதைச் சொல்லாமல் இல்லை. அதில் ஒரு வழக்கு நம் ஊர் வழக்கு. சிறைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் பத்திரிகை முயன்றபோது சிறைத்துறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994-ல் வந்த தீர்ப்பு, வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று பத்திரிகைக்குச் சாதகமாகச் சொன்னது. அதே தீர்ப்புதான், தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடச் சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு, குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றை அவர் சம்மதமின்றி யாரும் வெளியிடக்கூடாது என்றும் சொன்னது. பத்திரிகையில் எழுதுகிறவள் என்ற முறையில் இந்தத் தீர்ப்பின் மேல் எனக்குத் தனி மரியாதை. எழுதுகிறவனின் சுதந்திரமும் எழுதப்படுகிறவனின் மானமும் ஒன்றையொன்று தின்றுவிடத் தேவையில்லை என்று அது காட்டியது. அரசு அதிகாரிகள் தங்கள் கடமையில் செய்கிற காரியங்களுக்கு இந்த மறைவு கிடைக்காது என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே லஞ்சம் கேட்கும் கையைப் படம் எடுங்கள். லத்தி சுழற்றும் கையையும் எடுங்கள். நான் உங்கள் பக்கம். பூக்காரம்மாவின் கடன் அந்தக் கணக்கில் வராது.

பிறகு 2017 ஆகஸ்ட் 24. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, அப்போது தொண்ணூறு வயது கடந்த மனிதர், தொடுத்திருந்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பொது இடத்துக்கு வந்துவிட்டான் என்பதாலேயே ஒருவன் அந்தரங்க உரிமையை இழந்துவிடுவதில்லை, அது இடத்தோடு ஒட்டியதில்லை, ஆளோடு ஒட்டியது என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. "பொது இடம்தானே" என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தீர்ப்பில் இருப்பது எல்லாம் தெருவுக்கு வந்துவிடவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, ஒரு பெண் தனிமையை எதிர்பார்க்கும் நிலையில் இருக்கும்போது மறைந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றமாக்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு உடலின் மறைவான பாகங்களைப் படம் எடுப்பதைத் தண்டிக்கிறது. இரண்டும் தேவையான சட்டங்கள். ஆனால் சேலை உடுத்தி, பை மாட்டி, வேலைக்குப் போகும் பெண்ணை ஒருவன் பின்னாலிருந்து நடந்தபடி மூன்று நிமிடம் எடுத்தால் இவை நேராகப் பொருந்துவது கடினம். வீட்டு முன்னால் நின்ற பெண்ணைப் படம் எடுத்ததாக வந்த ஒரு வழக்கில், எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்ததால் மறைந்து பார்க்கும் குற்றம் பொருந்தாது என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குச் செய்வதற்குத் தான் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. சேனலில் போட்டுப் பணம் வந்தால் அது வீட்டு உபயோகமா என்பதை இனிமேல் நீதிமன்றங்கள்தான் தீர்க்கவேண்டும். அதுவரை அந்த ஓட்டையில் விழுகிறவர்கள் பெண்கள்.

விழுந்திருக்கிறார்கள் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் பெசன்ட் நகர் கடற்கரையில் பெண்களை ஆபாசமாகப் பேசவைத்து வீடியோ எடுத்த ஒரு யூடியூப் சேனல்காரர்கள் மூன்று பேர் கைதானார்கள். 2025 மே மாதம் பெங்களூரு மெட்ரோவில் பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவந்தவர் பிடிபட்டார். இரண்டு மாதத்தில் அதே ஊரின் சர்ச் தெருவில் நடந்துபோகும் பெண்களை எடுத்துப் போட்ட இன்னொருவர். அதில் பாதிக்கப்பட்ட ஒரு பெண், தன் சம்மதமின்றி வந்த அந்த வீடியோவால் முன்பின் தெரியாதவர்கள் தனக்கு ஆபாசச் செய்தி அனுப்புகிறார்கள் என்று தானே முன்வந்து சொன்னபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் தன் மாணவிகளை எச்சரித்தது: ரேபான் மெட்டா கண்ணாடி போட்ட ஒருவர் பெண்களிடம் வந்து பேச்சுக் கொடுத்து அதைப் பதிவுசெய்கிறார் என்று. ஊர் வேறு, முறை ஒன்றுதான். நீங்கள் அப்படிச் செய்பவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். எதிரே வரும் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அவள் பார்ப்பது கண்ணாடியைத்தான்.

மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் தினமும் போகிறவர்களுக்கு ஒன்று தெரியும். தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை போய்ச் சேருவதற்குள் அந்தப் பெட்டியில் தலை பின்னிக்கொள்வார்கள், குழந்தைக்குப் பால் கொடுப்பார்கள், மாமியாரைப் பற்றி ஒரு மூச்சு பேசுவார்கள், சன்னலில் சாய்ந்து வாய் திறந்து தூங்குவார்கள். பூட்டு இல்லாத அறை அது. அங்கே ஒருவரை ஒருவர் நம்புவதுதான் பூட்டு. தங்கைகளே, உங்களிடம் தனியாகக் கேட்கிறேன்: அந்தப் பெட்டிக்குள் வரும்போது கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

முகம் பதிவானால் என்ன ஆகிவிடும், பேர் தெரியாதே என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. 2024-ல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர், ஆன்ஃபூ நுயென், கெய்ன் ஆர்டேஃபியோ, கடையில் கிடைக்கும் இதே கண்ணாடியை வைத்து ஒரு செயல்விளக்கம் காட்டினார்கள். கண்ணாடியில் வரும் காட்சியை இன்ஸ்டாகிராம் நேரலையாக அனுப்பி, அதிலிருந்து முகத்தை எடுத்து, பிம்ஐஸ் என்ற முகத் தேடல் தளத்தில் போட்டு, கிடைத்த பேரை வைத்து ஆள் விவரத் தளங்களில் தேடினால் முகவரி, போன் நம்பர், உறவினர் பேர்வரை வருகிறது. எல்லாம் தானாக நடக்கும்படி ஒரு நிரல் எழுதியிருந்தார்கள். ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், அவரைப் பற்றித் தெரிந்தவர்போலப் பேசியும் காட்டினார்கள். எச்சரிக்கத்தான் செய்தோம், நிரலை வெளியிட மாட்டோம் என்றார்கள். செய்தது இரண்டு மாணவர்கள். கையில் இருந்தவை யாரும் வாங்கக்கூடிய சாமான்கள். ஃபேஸ்புக்கே 2021 நவம்பரில் தன் முக அடையாள வசதியை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் முகப் பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே பின்வாங்கிய காரியத்துக்குத் தேவையான முகங்களை, தெருத்தெருவாகப் போய்ப் பொதுவில் கொட்டுகிறவர்கள் நாமாக இருக்கவேண்டுமா?

"நான் எங்கேயும் போடுவதில்லை, நினைவுக்குத்தான்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எடுத்தவை உங்கள் செல்போனில் இருக்கும்வரை சரி. அந்தக் கண்ணாடியின் செயற்கை நுண்ணறிவிடம் ஒன்றைக் காட்டி "இது என்ன" என்று கேட்ட கணத்தில் அந்தப் படம் கம்பெனியின் கணினிக்குப் போகிறது. 2025 ஏப்ரலில் மெட்டா தன் விதியை மாற்றி, கண்ணாடியிடம் பேசும் குரல் பதிவுகளை ஓராண்டுவரை வைத்துக்கொள்ளலாம் என்றது. சேமிக்கவே வேண்டாம் என்று முன்கூட்டி நிறுத்தும் வழியை எடுத்துவிட்டது. உங்கள் குரலுக்கு நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த அத்தை எதற்கு ஒப்புக்கொண்டார்?

சிசிடிவி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதிலும் எனக்குக் குறை உண்டு. ஆனால் கடை வாசல் கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது, நான் குனிந்தால் கூடக் குனிவதில்லை, என்னிடம் அன்பாகப் பேச்சுக் கொடுத்து வீட்டுக் கதை கேட்பதில்லை.

கோயில்கள் விழித்துக்கொண்டுவிட்டன. 2025 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயிலில் பல கட்டச் சோதனைகளைக் கடந்து கேமரா கண்ணாடியோடு உள்ளே போய்ப் படம் எடுத்த ஒருவரைப் பாதுகாவலர் பிடித்தார். அதே ஆண்டு ஜூலையில் திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலிலும் அப்படி ஒருவர் சிக்கினார். விளக்கு மின்னியதைக் கவனித்துத்தான் பிடித்தார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018-லிருந்தே செல்போனுக்குத் தடை. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் செல்போனைத் தடைசெய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அறநிலையத் துறை அந்த அறிவிப்புப் பலகைகளில் கண்ணாடியையும் சேர்க்கவேண்டும். சாமிக்குக் காவல் இருக்கிறது, சோதனைச் சாவடி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்கு அது கிடையாது. ஜவுளிக்கடையில் துணி போட்டுப் பார்க்கும் அறைக்குக் கிடையாது. ரேஷன் கடை வரிசை, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி, மனநல மருத்துவரின் வாசல், குடிநோயாளிகள் கூடிப் பேசும் கூட்டம், எதற்கும் கிடையாது. அங்கெல்லாம் காவல் உங்கள் மனசாட்சிதான்.

இந்தப் பிரச்சினை நேற்று வந்ததும் இல்லை. 1888-ல் கோடக் கம்பெனி கையில் தூக்கிப்போகும் கேமராவை விற்றது. 1890-ல் வாரன், பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் அந்தரங்க உரிமை பற்றிக் கட்டுரை எழுதினார்கள். உடனுக்குடன் எடுக்கும் ஃபோட்டோக்கள் அவர்களை உறுத்திய காரணங்களில் ஒன்று. நக்கீரன் தீர்ப்பு சொன்ன உரிமையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2013-ல் கூகுள் 1,500 டாலருக்கு ஒரு கண்ணாடி விட்டது. நெற்றியோரம் துருத்திக்கொண்டு நின்ற அதைக் கண்டு அமெரிக்கர்களே முகம் சுளித்தார்கள். சியாட்டிலில் ஒரு மதுக்கடை போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்றது. 2015 தொடக்கத்தில் பொதுமக்களுக்கு விற்பதைக் கூகுள் நிறுத்திக்கொண்டது. அன்று அது பார்த்த உடனே தெரிந்தது, ஜனங்களால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. இன்றைய கண்ணாடி சாதாரண ரேபான் போலவே இருக்கிறது. தெரியாத ஒன்றை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

தடைசெய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன். பார்வையில்லாதவர்களுக்கு இந்தக் கண்ணாடி எவ்வளவு பெரிய துணை என்பது எனக்குத் தெரியும். மாத்திரை அட்டையில் இருக்கும் பேரைப் படித்துச் சொல்கிறது, எதிரே இருக்கும் பலகையைப் படித்துச் சொல்கிறது. பி மை ஐஸ் செயலி மூலம் எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர், அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்து வழி சொல்கிறார். முழுத்தடை போட்டால் முதலில் அடிபடுகிறவர்கள் இவர்கள்தான். உங்களில் சிலரின் முறையற்ற வீடியோக்களால் நாளைக்கு ஊரே கண்ணாடியைக் கண்டு கொதித்து எழுந்தால், கண்ணாடி தேவைப்படுகிற அந்த மனிதரைத்தான் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். அந்தப் பாவமும் நம்மையே சேரும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒருவரோடு பேச ஆரம்பிக்கும் முன் "அண்ணே, இது கேமரா கண்ணாடி, எடுக்கலாமா?" என்று கேளுங்கள். கண்ணாடியைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். எங்கே போடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். யூடியூப் என்றால் என்னவென்று பூக்காரம்மாவுக்குத் தெரியும், அவர் மகள் செல்போனில் அதைத்தான் பார்க்கிறாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். பேச்சு முடிந்த பிறகு "இதில் எதையாவது எடுத்துவிடணுமா?" என்று ஒருமுறை கேளுங்கள், ஏனென்றால் பேச்சின் ஓட்டத்தில் வாய் தவறி வருவது எல்லோருக்கும் உண்டு. கூட்டத்தில் எடுத்தால் பின்னணியில் வருகிற முகங்களை மங்கலாக்குங்கள். சாப்பாட்டுக் கடையில் தட்டைக் காட்டினால் போதும், அடுத்த மேசையில் சாப்பிடுகிறவர் வேண்டாம். பிள்ளைகள் விஷயத்தில் பெற்றவர் சம்மதம் இல்லாமல் எடுக்கவே எடுக்காதீர்கள், பள்ளிக்கூட வாசலில் அந்தக் கண்ணாடியே வேண்டாம். அழித்துவிடுங்கள் என்று ஒருவர் ஆறு மாதம் கழித்து வந்து கேட்டாலும் அழித்துவிடுங்கள். அந்த வீடியோவுக்கு எவ்வளவு பார்வை வந்திருந்தாலும் சரி.

கேட்டால் இயல்பு போய்விடும், கேமரா தெரிந்தால் ஜனங்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று உங்களில் ஒருவர் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டேன். முதல் ஐந்து நிமிடம் நடிப்பார்கள், உண்மைதான். பத்தாவது நிமிடம் மறந்துவிடுவார்கள். கிராமத்துக்குப் போய்ப் படம் எடுத்த ஆவணப்பட இயக்குநர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவர்கள் போய் உட்கார்ந்தார்கள், காத்திருந்தார்கள், டீ குடித்தார்கள், மறுநாளும் போனார்கள். நம்பிக்கையைச் சம்பாதித்து வாங்கிய இயல்பு அது. தெரியாமல் எடுத்த இயல்பில் அந்த மனிதருக்குப் பங்கில்லை.

உங்கள் சந்திப்புகளில், நீங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுக்களில் இதைப் பேசுங்கள். பத்து பேர் சேர்ந்து இதுதான் எங்கள் முறை என்று அறிவித்தால், பதினோராவது ஆள் அதற்கு மாறாக எடுக்கக் கூச்சப்படுவார். சட்டம் வரட்டும், வரவேண்டும். அது வருவதற்குள் ஒரு வழக்கம் உருவாகிவிட்டால், சட்டம் எழுதுகிறவர்களுக்கும் அது வழிகாட்டும். வழக்கம் உருவாகாவிட்டால் ஏதாவது ஒரு விபரீதம் நடந்த மறுநாள் அவசரமாக எழுதுவார்கள். அப்படி எழுதிய சட்டம் உங்களையும் சேர்த்துத்தான் அடிக்கும்.

அடுத்த வீடியோவிலிருந்து, இதில் பேசுகிறவர்கள் அனைவரிடமும் கேட்டுத்தான் எடுத்தோம் என்று தொடக்கத்தில் ஒரு வரி போடுங்கள். அது பொய்யாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் எடுத்த வீடியோவில் அந்த வரி இல்லையென்றால், எனக்கு எவ்வளவு பிடித்த சேனலாக இருந்தாலும் இனி நான் பார்க்கப்போவதில்லை. வீட்டிலும், தெரிந்தவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வீடியோக்களைப் பார்க்கும் ஒருத்தி